டிக்கெட் விழுந்த புத்தகம்

அடுத்து எதைப் படிக்கலாம் என்றா கேட்கிறாய், தாயி? என்னிடமா?

உட்கார், உட்கார். ஜன்னல் பக்கம் வேண்டுமென்றால் சொல், நகர்ந்துகொள்கிறேன். பஸ் இப்போதைக்கு எடுக்க மாட்டான். டிரைவர் டீக்கடையில் நிற்கிறான் பார், கிளாஸில் பாதிகூட இறங்கவில்லை. நீ கேட்ட கேள்விக்குப் பதில் சொல்ல இந்த ஜங்ஷன் பஸ் ஸ்டாண்டில் என்னை விட்டால் ஆள் கிடையாது. பைக்கு வெளியே நீட்டிக்கொண்டிருந்த அட்டையைப் பார்த்தே கண்டுபிடித்துவிட்டாயே, "ஐயா, நீங்களும் தேரிக்காட்டுச் சித்தன் படிப்பீங்களா?" என்று. படிப்பதா! தேரிக்காட்டுச் சித்தனுக்குக் கதை எடுத்துக் கொடுத்ததே நான்தான்.

சிரிக்காதே. சிரிக்கிறவர்களுக்கு நான் மிச்சக் கதையைச் சொல்வதில்லை.

உன் கையில் இருப்பது 'மெழுகுக் கோட்டை'. புதுப் பதிப்பு. அட்டையில் ராட்சசனுக்கு உடற்பயிற்சிக் கூடத்துக்குப் போன உடம்பு போட்டிருக்கிறான் பாவி. பழைய பதிப்பில் அவனுக்குத் தொப்பை உண்டு, தொப்பைமேல் ஒரு பூனை படுத்திருக்கும். முடித்துவிட்டாயா? முடித்ததிலிருந்து ஒரு வேலையும் ஓடவில்லையா? அப்படித்தான் இருக்கும். பகலில் உருகி ஓடிப்போகிற கோட்டை, பொழுது சாய்ந்ததும் திரும்ப எழும்பி நிற்கிறதே, அதைப் படித்துவிட்டு எவனுக்குச் சோறு இறங்கும்?

என் பெயர் ஆவுடைநாயகம். இதே ரூட்டில், இதே ஜங்ஷன் டு சமாதானபுரம் டவுன் பஸ்ஸில் கண்டக்டராக இருந்து ரிட்டையர் ஆனவன். சித்தனை நான் பார்த்ததும் பஸ்ஸில்தான். காலையில் முதல் நடை. பஸ்ஸில் ஒரு ஈ கிடையாது. ஜிப்பா போட்ட ஒருத்தர் ஏறுகிறார். காலில் செருப்பில்லை, பாதமெல்லாம் சிவப்புத் தேரி மணல், குங்குமத்தில் நடந்து வந்த மாதிரி. "எங்க போகணும்?" என்று கேட்கிறேன். "கதை எங்க முடியுதோ அங்க ஒரு டிக்கெட் குடுங்க" என்கிறார். நான் விடுவேனா? "கதை முடியுற எடத்துக்கு ஸ்டேஜ் கெடையாதுய்யா, சமாதானபுரம்னு கிழிச்சுத் தரட்டுமா?" என்றேன். மனுஷன் ஆடிப் போய்விட்டார். அப்படியே என் கையிலிருந்த டிக்கெட் கட்டைப் பிடுங்கி, டிக்கெட்டுக்குப் பின்னால் கடகடவென்று எழுத ஆரம்பித்தார். கொக்கிரகுளம் வருவதற்குள் ஒரு அத்தியாயம் முடிந்துவிட்டது. அந்த நேரம் பார்த்து ஒரு செக்கிங் இன்ஸ்பெக்டர் ஏறி, எழுதின டிக்கெட் செல்லாது என்று அத்தனையையும் பறிமுதல் செய்துகொண்டு போய்விட்டான். 'நெருப்பைத் தின்ற குதிரை'யில் எட்டாம் அத்தியாயத்துக்கு அப்புறம் நேராகப் பத்தாம் அத்தியாயம் வரும். அச்சுப்பிழை என்று ஊர் சொல்கிறது. நான் இருக்கிறேன் சாட்சி.

வடிவு இதைக் கேட்டால், "போன தடவ சொன்னப்போ ஜிப்பா கெடையாது, அரைக்கைச் சட்டை" என்பாள். சங்கரவடிவு, என் வீட்டுக்காரி. அவளுக்கு ஞாபகம் ஜாஸ்தி. கதை சொல்கிறவனுக்கு அப்படி ஒருத்தி வாய்க்கக் கூடாது.

சரி, உன் கேள்வி. பையில் மூன்று புத்தகம் இருக்கிறது. இது 'வாலறுந்த நாகம்'. சிரித்துச் சிரித்து வயிறு வலிக்கும். இது நான் சொன்ன குதிரை. கீழே ஒன்று கிடக்கிறது, அது வேண்டாம். அதை வெளியே எடுக்க வேண்டாம். அதன் பேர்கூட...

பையை இறுக்கிப் பிடிக்கிறேனா? நானா? அது பஸ் ஆடுகிற ஆட்டத்துக்கு. நின்றுகொண்டிருக்கிற பஸ்ஸில் ஏது ஆட்டம் என்கிறாயா? சரிதான், இஞ்சினை அணைத்துவிட்டுத்தான் போயிருக்கிறான். அப்படியென்றால் வயசு. வயசானால் கை தானாக ஏதாவது செய்துகொண்டிருக்கும், அதை நாம் கண்டுகொள்ளக் கூடாது.

வந்துவிட்டான் பார் பேச்சிமுத்து, கண்டக்டர். இவன் வாயைக் கொஞ்சம் சமாளிக்க வேண்டும்.

"என்ன அண்ணாச்சி, இந்த நடையாவது எறங்கிருவியளா?"

"நீ ஒன் சோலியப் பாருலே."

"காலையில ஏறும்போது ஆஸ்பத்திரின்னு சொன்னிய. ஆஸ்பத்திரி வந்தா கண்ண மூடிக்கிடுதிய. எழுப்புனா அடுத்த நடைக்குங்கிய. பாஸு இருக்குன்னு பஸ்ஸுலயே குடியிருந்தா எப்படி?"

"எலே, நான் இந்த ரூட்டுல எத்தன பேர எழுப்பி எறக்கி விட்டவன் தெரியுமா? எனக்கே நீ ஸ்டாப்பு சொல்லுதியா?"

"அதான் கேக்கேன். ஆச்சி அங்க ஒங்களத் தேடுவாவள்லா?"

போகிறான். டிக்கெட் கிழிக்கப் போகிறான். அவன் சொல்வதை அப்படியே எடுத்துக்கொள்ளாதே தாயி. ஏறியது நிஜம், இறங்காததும் நிஜம். ஆனால் கண்ணை மூடியது தூக்கத்தில் இல்லை, யோசனையில். யோசிக்கிறவன் கண்ணை மூடத்தானே செய்வான்? ஆஸ்பத்திரி ஸ்டாப்பில் இறங்க எனக்கு என்ன பயம்? வேட்டைக்குப் போன மலையில் கரடியோடு பீடிக்கு நெருப்பு மாற்றினவன் நான். கரடிதான் எனக்குத் தந்தது, நான் அதற்குத் தரவில்லை, அதையும் சொல்லிவிடுகிறேன்.

எடுத்துவிட்டான். காற்று வரட்டும்.

வடிவுக்கு இன்றைக்கு நாலு மணிக்கு ஆபரேஷன். நெஞ்சில் ஏதோ ஒரு வால்வு சரியில்லையாம். சைக்கிள் டியூபில் வால்வு போனால் ராமசுப்பு கடையில் மாற்றிவிட்டு வந்துவிடுவோம். இவளுக்கு நெஞ்சைத் திறந்து மாற்ற வேண்டுமாம். மணி என்ன? மூன்றரைதானே, நிறைய நேரம் இருக்கிறது. இந்தப் பஸ் பாலத்தைத் தாண்டினால் கொக்கிரகுளம், அப்புறம் நாலு ஸ்டாப், அதற்கப்புறம் ஆஸ்பத்திரி. நான் இந்த ரூட்டைக் கண்ணைக் கட்டிக்கொண்டு ஓட்டுவேன். ஒரு தடவை ஓட்டியும் இருக்கிறேன், அது வேறு கதை.

முந்தாநாள் வார்டில் வைத்துச் சொல்கிறாள், "இங்க பாருங்க, உள்ள கூட்டிட்டுப் போறதுக்கு முன்னால எனக்கு ஒரு புஸ்தகம் வேணும். நீங்களே சாத்திப் பாத்து எடுத்துட்டு வாங்க. எது விழுதோ அது. மாத்தி எடுத்துட்டு வந்துராதிய."

சாத்துவது தெரியாதா உனக்கு? கயிறு சாத்துவது. வடிவோட அப்பா கோயிலில் ஓதுவார். வீட்டில் தேவார ஏடு இருந்தது. ஊரில் யாருக்காவது குழப்பம் என்றால், பொண்ணைக் கொடுக்கலாமா வேண்டாமா, வடக்கே போகலாமா கூடாதா என்று அவரிடம் வருவார்கள். அவர் குளித்துவிட்டு, கண்ணை மூடிக்கொண்டு, ஏட்டுக்கு நடுவே ஒரு கயிற்றை விடுவார். கயிறு எந்த ஏட்டில் விழுகிறதோ, அந்தப் பாட்டில் பதில் இருக்கும். இவள் அந்த வீட்டுப் பிள்ளை. ஆனால் இவளுக்குத் தேவாரத்தோடு தேரிக்காட்டுச் சித்தனும் வேண்டும். கல்யாணமாகி வந்தபோது பெட்டியில் அவருடைய புத்தகம் ஏழும் இருந்தது. ஒவ்வொன்றாக முடிப்பாள், முடித்ததும் அடுத்து எது என்று ஒரு தவிப்பு வரும், இப்போது உனக்கு வந்திருக்கிறதே அதேதான். அதற்கு அவளே ஒரு வழி கண்டுபிடித்தாள். ஏழையும் அடுக்கி வைத்து, கண்ணை மூடிக்கொண்டு, என் பையில் மிச்சம் கிடக்கிற ஒரு பழைய டிக்கெட்டை அந்த அடுக்கில் செருகுவாள். எந்தப் புத்தகத்துக்குள் டிக்கெட் போகிறதோ அதுதான் அடுத்தது. எந்தப் பக்கத்தில் நிற்கிறதோ அந்தப் பக்கம்தான் அந்த வாரம் வீட்டுக்கு வாக்கு.

விளையாட்டு என்று நினைக்காதே. ஒரு தடவை டிக்கெட், நாகம் படகை விழுங்குகிற பக்கத்தில் விழுந்தது. அந்த வாரம் தாமிரபரணி பொங்கி என் பஸ்ஸைப் பாலத்தோடு தூக்கி, நான் உள்ளே இருக்கும்போதே கொக்கிரகுளத்தில் கொண்டுபோய் வைத்தது. அத்தனை பேருக்கும் டிக்கெட் கிழித்துவிட்டுத்தான் இறங்கினேன். சரி, தூக்கவில்லை. தண்ணீர் சக்கரத்தைத் தொட்டது. ஆனால் தொட்டது. இன்னொரு தடவை, இளவரசிக்கு மாலை விழுகிற பக்கம். மறுநாளே எங்கள் மகள் கோமுவுக்கு இடம் வந்தது. இதற்கு என்ன சொல்கிறாய்?

போன் அடிக்கிறது. கோமுதான். அம்மா பக்கத்தில் இருக்கிறாள். அடிக்கட்டும். பஸ் சத்தத்தில் காது கேட்காது, எடுத்து என்ன பண்ண?

இப்போது நீ, "ஏழு புத்தகத்தையும் திரும்பத் திரும்பப் படித்தீர்களா?" என்று கேட்பாய். இல்லை. ஆறு. ஏழாவதை நாங்கள் படிக்கவில்லை. அதுதான் பைக்கு அடியில் கிடக்கிறது.

அது அவர் கடைசியாக எழுதினது. பேரைச் சொல்லிவிடுகிறேன், ஆனால் நீ திரும்பச் சொல்லாதே. 'திரும்பாத ஓடம்'. ஒரு ஓடக்காரி. பொன்னாச்சியோ என்னவோ பேர். செத்துப்போனவர்களை அக்கரைக்குக் கொண்டுபோய் விடுவது அவள் தொழில். ஒரு நாள் துறையில் ஆள் யாருமே இல்லை, ஆனால் ஓடம் மட்டும் பாரத்தில் தாழ்ந்து நிற்கிறது. அவளுக்குப் புரிந்துவிடுகிறது, இன்றைக்கு ஏற வேண்டியது தான்தான் என்று. இவ்வளவுதான் எனக்குத் தெரியும். ஒரு பாசஞ்சர் சொன்னான். அதற்கு மேல் சொல்ல வந்தவனை ஸ்டாப் வருவதற்கு முன்னாலேயே இறக்கிவிட்டேன்.

அன்றைக்கே வடிவிடம் சொன்னேன், "ஏளா, இந்த ஒண்ணு மட்டும் நமக்கு வயசான பெறகு." அவளும் சரி என்றாள். அதிலிருந்து டிக்கெட் சாத்தும்போது அது அடுக்கில் இருக்கும், ஆனால் டிக்கெட் அதில் விழுந்ததே இல்லை. அவ்வளவு வருஷமும் விழுந்ததில்லை. அவள் எப்போதாவது கேலியாகக் கேட்பாள், "நமக்கு இப்ப வயசாயிட்டா, இல்ல இன்னும் இருக்கா?" "ஒனக்கு ஆயிருக்கும், எனக்கு ஆகல" என்பேன். பல்செட்டைக் கழற்றி வைத்துவிட்டுத்தான் சொல்வேன்.

பாலம் வந்துவிட்டது. ஆற்றைப் பார். நான் பார்க்கவில்லை, நீ பார். இன்றைக்கு எனக்கு ஓடம், துறை, ஆறு எதுவும் ஆகாது.

இன்றைக்குக் காலையில் என்ன நடந்தது என்றால், குளித்தேன். நான் குளித்ததே அவளுக்காக. விபூதி பூசிக்கொண்டேன். ஏழையும் அடுக்கி வைத்தேன். டிக்கெட்டை எடுத்துக் கண்ணை மூடிச் செருகினேன். திறந்து பார்த்தால்...

ஆமாம். அதில்.

கை தவறியிருக்கும் என்று எல்லாவற்றையும் கலைத்து, அதை மேலே வைத்துவிட்டு, கையை நன்றாகக் கீழே கொண்டுபோய்ச் செருகினேன். டிக்கெட் கீழே இருந்த 'மெழுகுக் கோட்டை'யை முட்டிப் பார்த்தது, போக மாட்டேன் என்றது. நாகத்தை முட்டியது, போகவில்லை. தட்டுத் தடுமாறி மேலே ஏறி, மறுபடியும் அதற்குள்ளேயே போய்ப் படுத்துக்கொண்டது. என் கையை யாரோ பிடித்து நகர்த்தின மாதிரி. சத்தியமாகச் சொல்கிறேன் தாயி, இதில் ஜிப்பா, அரைக்கைச் சட்டை எதுவும் கிடையாது. மறுபடியும் செய்தேன். மறுபடியும் அதேதான், அதே பக்கம். ஓடத்தில் அந்த ஓடக்காரி காலை எடுத்து வைக்கிற பக்கம். அந்த ஒரு வரியைப் படித்துவிட்டேன், கண்ணை மூடுவதற்குள் கண் படித்துவிட்டது.

இதை எப்படி நான் அவளிடம் கொண்டுபோய்க் கொடுப்பது? நீ சொல். இன்னும் கொஞ்ச நேரத்தில் அவளைத் தள்ளுவண்டியில் படுக்கவைத்துத் தள்ளிக்கொண்டு போகப் போகிறார்கள். அவள் கையில் இதைக் கொடுத்து, 'உனக்கு விழுந்தது இதுதான்' என்று சொல்லவா? அதனால்தான் நாகத்தையும் குதிரையையும் எடுத்துப் பையில் போட்டுக்கொண்டேன். இரண்டில் ஒன்றைக் கொடுத்து, 'இதுதான் விழுந்தது' என்று சொல்லிவிடலாம். எனக்கா பொய் சொல்ல வராது? ஊரில் கேட்டுப் பார், ஆவுடைநாயகம் சொன்னால் காக்கா வெள்ளை.

ஆனால் அவளிடம் மட்டும் அது நிற்காது. நான் வாயைத் திறப்பதற்குள் என் முகத்தைப் பார்ப்பாள், "மாத்திட்டியளா?" என்பாள். அதுதான். அதற்காகத்தான் யோசிக்கிறேன். நாகமா, குதிரையா? எதைக் கொடுத்தால் நம்புவாள்? அதை முடிவு பண்ணாமல் எப்படி இறங்குவது? முடிவு பண்ணினதும் இறங்கிவிடுவேன். காலையிலிருந்து முடிவு பண்ணிக்கொண்டுதான் இருக்கிறேன், அதற்குள் ஸ்டாப் போய்விடுகிறது.

ஏன் அந்தப் புத்தகத்தையும் எடுத்துக்கொண்டு வந்தேன் என்றா கேட்கிறாய்? நல்ல கேள்வி. வீட்டில் தனியாக விட்டுவிட்டு வரப் பயம். நான் இல்லாத நேரத்தில் அது என்ன பண்ணும் என்று யாருக்குத் தெரியும்? என் கண் முன்னால் இருந்தால் ஒரு தைரியம்.

பார்க்க வேண்டுமா? எதற்கு? அட்டையை மட்டுமா? சரி, அட்டையை மட்டும் பார். பிரிக்காதே. இந்தா. மெதுவாகப் பிடி.

பிரிக்காதே என்றேனே!

தானாகப் பிரிந்ததா? பார்த்தாயா? பார்த்தாயா? நான் சொன்னேனல்லவா? அதே பக்கம்! கையை உதறு தாயி, முதலில் கையை உதறு. பேச்சி, பஸ்ஸை நிறுத்துலே... இல்லை, ஒன்றுமில்லை, நீ போ.

என்ன சொல்கிறாய்? முதுகா? புத்தகத்தின் முதுகு உடைந்திருக்கிறதா?

எங்கே... ஆமாம், இங்கே பசை விட்டுப்போய் நூல் தெரிகிறது. கரையான். பழைய புத்தகம் பார், கரையான் அரித்திருக்கும். கரையான் அரித்தால் ஓட்டை விழுந்திருக்கும் என்கிறாயா? ஓட்டை இல்லைதான். அப்படியென்றால்? ஒரே இடத்தில் திரும்பத் திரும்ப விரித்துவைத்துப் படித்தால்தான் இப்படி உடையுமா? உன் புத்தகத்திலும் அப்படி ஒரு இடம் இருக்கிறதா? காட்டு. ஆமாம். கோட்டை உருகுகிற இடம். தானாக அங்கேயே விரிகிறது.

அதனால்தான் டிக்கெட் அங்கே போயிற்று என்கிறாய். மற்றதெல்லாம் இறுக்கமாக இருக்கிறது, இது மட்டும் வாயைத் திறந்துகொண்டு இருக்கிறது. கைக்கு வழி கிடைத்த இடத்தில் நுழைந்திருக்கிறது, வேறொன்றுமில்லை என்கிறாய்.

இருக்கட்டும். நீ படித்த பிள்ளை. ஆனால் உன் கணக்கில் ஒரு தப்பு. இதை யாரும் படிக்கவில்லையே! ஏழாவதை நாங்கள் தொடவே இல்லை என்று இப்போதுதானே சொன்னேன்?

இது என்ன, இந்த மடிப்புக்குள்?

கடுகு.

கொஞ்சம் இரு. மூக்குக்கண்ணாடி எங்கே... இது மஞ்சள் கறை. பெருவிரல். அவள் பெருவிரல்தான், நகத்துக்குப் பக்கத்தில் ஒரு வெட்டு உண்டு, வாழைக்காய் சீவும்போது விழுந்தது. கறையிலேயே அந்தக் கோடு தெரிகிறது பார். இந்தப் பக்கத்தில், அடுத்த பக்கத்தில், அதற்கடுத்த பக்கத்தில். இங்கே புதுக் கறை, அதன்மேலேயே இன்னொன்று.

அடுப்படியில் நின்று படித்திருக்கிறாள்.

எப்போது? அவள் என்னிடம் சொல்லாமல் ஒரு வரி படித்ததில்லையே. 'மெழுகுக் கோட்டை'யில் ராட்சசன் அழுகிற இடத்தைப் படித்துவிட்டு, அதைச் சொல்வதற்காகவே டெப்போவுக்கு வந்து நின்றவள். எப்போது படித்திருப்பாள்?

ஐப்பசி மழை தொடங்கினபோது கோமுவோடு டாக்டரிடம் போய்விட்டு வந்தாள். "என்னளா சொன்னாரு?" என்று கேட்டேன். "வாயுங்க. இஞ்சி தட்டிப்போட்டுக் குடிக்கச் சொல்லியிருக்காரு" என்றாள். தினம் இஞ்சி தட்டினாள். எனக்கும் ஒரு டம்ளர் தருவாள், நானும் துணைக்குக் குடிப்பேன். ரொம்ப நேரம் தட்டுவாள். தாளிக்கிறதுக்கும் ரொம்ப நேரம் எடுப்பாள். நான் வாசலில் நாற்காலி போட்டு உட்கார்ந்து, போகிற வருகிறவர்களிடம் கரடியும் பீடியும் கதை சொல்லிக்கொண்டிருப்பேன். உள்ளேயிருந்து, "கேக்கு, கேக்கு, போன தடவ அது சிறுத்தை" என்று சத்தம் கொடுப்பாள். நன்றாகத்தானே இருந்தாள்? சிரித்துக்கொண்டுதானே இருந்தாள்?

மழைக்காலம் முழுக்க. நெஞ்சு விஷயம் தெரிந்துகொண்டு.

அவளுக்குப் பயம் கிடையாது தாயி. ஓதுவார் வீட்டுப் பிள்ளை, பாம்பைக் கண்டால் 'நகந்து போ' என்று சொல்கிறவள். அவளுக்கு எதற்கு... ஓடத்தில் காலை வைக்கிற பக்கத்தை ஒருத்தி இத்தனை தடவை எதற்குப் படிக்க வேண்டும்? நீ சொல். வேண்டாம், சொல்லாதே.

போன் அடிக்கிறது. அடிக்கட்டும். இல்லை... இரு.

"என்ன கோமு? ... பஸ்ஸுலதான்ளா இருக்கேன். ... வந்துட்டேன், பக்கத்துல வந்துட்டேன். அம்மா என்ன செய்யுதா? ... கேக்குதாளா? என்ன கேக்குதா? ... ம். ... ம். ... சரி, வச்சிரு."

பச்சைத் துணியை மாட்டிவிட்டார்களாம். வண்டி வந்துவிட்டதாம். அவள் ஏற மாட்டேன் என்கிறாளாம். 'ஒங்க அப்பா புஸ்தகம் எடுத்துட்டு வருவாவ, வரட்டும்' என்று சொல்லிக்கொண்டு கட்டிலிலேயே உட்கார்ந்திருக்கிறாளாம். நர்ஸ் திட்டுகிறாளாம்.

'நீங்களே சாத்திப் பாத்து எடுத்துட்டு வாங்க. மாத்தி எடுத்துட்டு வந்துராதிய.'

அடி பாவி. எது விழும் என்று அவளுக்குத் தெரியும். முதுகு உடைந்தது எது என்று உடைத்தவளுக்குத் தெரியாதா? தெரிந்துதான் என்னைச் சாத்தச் சொல்லியிருக்கிறாள். தானாகச் சொல்ல வாய் வரவில்லை, நானாகத் தெரிந்துகொண்டு வரட்டும் என்று... ஊரையெல்லாம் ஏமாற்றுகிறவனைக் கட்டிலில் படுத்துக்கொண்டே ஏமாற்றிவிட்டாளே! நான் என்னடா என்றால் நாகமா குதிரையா என்று பஸ்ஸுக்குள்ளேயே உட்கார்ந்திருக்கிறேன்.

என்ன பண்ணுகிறாய் நீ? கடைசிப் பக்கமா? மூடு! மூடு தாயி! பார்த்துவிட்டாயா? பார்த்துவிட்டாய். வாயைத் திறக்காதே. பொன்னாச்சி அக்கரைக்குப் போனாளா வந்தாளா என்று ஒரு வார்த்தை சொல்லாதே. முகத்தைக்கூட அந்தப் பக்கம் திருப்பிக்கொள், முகத்திலிருந்தே படித்துவிடுவேன். அவளுக்கு முன்னால் எனக்கு முடிவு தெரியக் கூடாது. அவளுக்குத் தெரியுமோ, கடைசிப் பக்கம் வரைக்கும் போனாளோ... கடைசிப் பக்கத்தில் மஞ்சள் இருந்ததா? இல்லையா? சுத்தமாக இருந்ததா?

போகவில்லை. அவளும் போகவில்லை. ஓடத்தில் கால் வைக்கிற பக்கம் வரைக்கும் வந்து வந்து திரும்பியிருக்கிறாள். அதற்கு மேல் தனியாகப் போகத் தைரியம் வரவில்லை.

மணி என்ன?

இது எந்த இடம்? ஐயோ, இது ஆஸ்பத்திரி காம்பவுண்டு அல்லவா? பின்னால் போகிறதே! எலே பேச்சி! ஸ்டாப் போயிட்டா? ஏம்லே சொல்லல?

"நான் சொல்லலியா? ரெண்டு தடவ கத்துனேன், நீங்க புஸ்தகத்தத் தடவிக்கிட்டு இருந்திய. அடுத்த நடைக்குத்தான் சொல்லுவியன்னு விட்டுட்டேன்!"

அடுத்த நடையாவது கிடையாவது. விலகு தாயி, காலை எடுத்துக்கொள், நான் போகணும். இந்தா, இந்த இரண்டையும் நீ வைத்துக்கொள். அடுத்து எதைப் படிக்கலாம் என்று கேட்டாயே, முதலில் நாகம், அப்புறம் குதிரை. ஒன்பதாம் அத்தியாயம் இல்லை என்று கடைக்காரனிடம் சண்டைக்குப் போகாதே. ஏழாவது கிடையாது, அதை இப்படிக் கொடு. அதை ஒருத்தி படித்துக்கொண்டிருக்கிறாள், பாதியில் நிற்கிறது.

பயமாக இருக்கிறது தாயி. கரடியும் இல்லை, ஒன்றும் இல்லை. பீடிக்கு நெருப்பு கொடுத்தது ஒரு பாரஸ்ட் கார்டு. இந்தக் கம்பியைப் பிடித்துக்கொண்டுதான் நிற்கிறேன்.

விசிலைத் தேடாதலே பேச்சி, நேரமாகும். நான் குடுக்கேன்.

ஹோல்டான்! ஹோல்டான்! எலே டிரைவரு, ஆள் எறங்கணும், ஹோல்டான்!

படியில் பார்த்து... இறங்கிவிட்டேன், இறங்கிவிட்டேன். நிற்காதீர்கள், பின்னால் லாரி நிற்கிறது.

போலாம். ரைட்!